பிரம்பின் நிழலுக்கு அஞ்சிய வாளை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. புரட்டாதி மாதத்தில், மாரிமழை தொடங்குவதற்கு முன்னர், ஒரு குடும்பம் மட்டக்களப்பு வாவிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கி, தூண்டில் போட்டு மீன் பிடித்து, ஆக்கி உண்டு, வீடு திரும்புகிறது. அவ்வளவுதான். இதில் இலக்கியம் எங்கே வந்தது என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்த உரை.

முதலில் ஒரு மீனைப் பற்றிச் சொல்கிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாடப்பட்டவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் ஒரு நீர்நிலை வருகிறது. மீன் பிடிப்பதில் வல்ல பாண்மகன் ஒருவன் அங்கே நீண்ட மூங்கிற்கழியில் கயிறு பூட்டி, வளைந்த இரும்பு முள்ளை இரையால் மூடி, நீரில் விட்டிருக்கிறான். பிளந்த வாயையுடைய வாளைமீன் ஒன்று அந்த இரையைக் கௌவிக்கொண்டு, முள்ளில் அகப்படாமல் தப்பிவிடுகிறது. தப்பிய மீன் அதற்குப் பிறகு என்ன செய்கிறது? நீரோரத்தில் வளர்ந்து நிற்கும் பிரம்பின் நிழல் தண்ணீரில் நடுங்குவதைக் கண்டால், அதுவும் தூண்டிற்கோல்தான் என்று எண்ணி வெருளுகிறது.

ஒரு மீனின் மனத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த புலவர் அவர். அச்சம் என்றால் என்னவென்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அகப்பட்டவனுக்கு அச்சம் அந்தக் கணத்தோடு போய்விடும். தப்பியவனுக்குத்தான் அது நிழல்தோறும் தொடர்ந்து வரும்.

இதே புலவர் பாடிய இன்னொரு பாட்டும் பத்துப்பாட்டில் இருக்கிறது. அது பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் மீன்பிடிக்கப் போவதில்லை. சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்குகிறார்கள். தாழம்பூச் சூடுகிறார்கள். பனங்கள் அருந்துகிறார்கள். தழையாடை உடுத்த தங்கள் பெண்களோடு கரையிலே கூடி உண்டு ஆடுகிறார்கள். தொழிலுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, குடும்பத்தோடு நீர்க்கரையில் பொழுது போக்கிய காட்சி தமிழில் இவ்வளவு பழையது.

ஆகவே, ஒரே புலவர் நமக்கு இரண்டு படங்களைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். நீர்க்கரையில் அச்சமின்றிக் கூடியிருக்கும் குடும்பம் ஒன்று. நிழலைக் கண்டும் வெருளும் மீன் மற்றொன்று. இந்த இரண்டு படங்களுக்கும் இடையிலேதான் எங்கள் மட்டக்களப்பு மக்களின் அண்மைக்கால வாழ்க்கை நடந்தது என்பது என் எண்ணம்.

நேயர்களே, எங்கள் வாவியைக் காணாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு சேர்ந்தாற்போலக் கிடக்கும் நீர் அது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. ஏட்டில் அதற்குப் பெயர் வாவி. ஊரார் வாயில் அது ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமுமாக விரியும் பெருநிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. வேறெந்த அடையாளமும் தேடாமல், வானத்தைப் பார்த்து நிலத்துக்குப் பெயர் வைத்த மக்கள் எங்கள் முன்னோர்.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள குடும்பங்கள் பல. புரட்டாதி பிறந்தால் பெரும்போக விதைப்புக்கு ஆயத்தம் தொடங்கும். அப்போது குடும்பமே ஆற்றைக் கடந்து போய் வயல்வாடியில் தங்கும். அந்த நாட்களில் பாலங்கள் குறைவு. மண்முனையிலும் குருமண்வெளியிலும் 'பாதை'யில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். பாதை என்றால் வெளியூரார் தெருவென்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்பது ஆட்களையும் மாடுகளையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரின்மேல் நகரும் மிதவை. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது.

வாடி என்ற சொல்லையும் கவனியுங்கள். காட்டுக்கம்பு நட்டு, கிடுகோ வைக்கோலோ வேய்ந்து, இரண்டு பக்கம் திறந்தபடி போடும் குடில் அது. விதைப்புக் காலத்தில் ஆண்கள் வயலில் நிற்பார்கள். பொழுது சாயும் வேளையில் பிள்ளைகள் வாய்க்காலிலும் ஆற்றோரத்திலும் தூண்டிலோடு குந்தியிருப்பார்கள். இரவுக் கறிக்கு அந்தத் தூண்டில்தான் பொறுப்பு. இதை யாரும் சுற்றுலா என்று சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வாழ்க்கையில் மறக்கமுடியாத நாட்கள் எவையென்று கேட்டால், வாடியில் கிடந்த நாட்களைத்தான் சொல்வார்கள்.

பிறகு வந்த காலத்தை உங்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தின் பின் ஆறு ஓர் எல்லையாயிற்று. எழுவான்கரை ஓர் ஆட்சி, படுவான்கரை இன்னோர் ஆட்சி. இடையில் சோதனைச் சாவடிகள். 2007ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய இந்த நிலைதான். இரவில் ஆற்றில் வெளிச்சம் தெரிந்தால் அதற்கு ஓர் அர்த்தம் கற்பிக்கப்பட்டது. தோணியின் சத்தத்துக்கும் நாயின் குரைப்புக்கும் அர்த்தம் கற்பிக்கப்பட்டது. 2004 டிசெம்பர் 26இல் கடலும் பொங்கி ஆற்றுவாய்ப் பக்கத்தை வாரிக்கொண்டு போனது. இப்படியாக, நீரைக் கண்டால் விலகிப்போகும் ஒரு தலைமுறை நீர் சூழ்ந்த நாட்டிலே வளர்ந்துவிட்டது.

ஒரு சொல்லின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பிற நாட்டவர் குடும்பத்தோடு கூடாரம் கொண்டுபோய்க் காட்டிலோ ஆற்றோரத்திலோ தங்குவதை ஆங்கிலத்தில் காம்ப் போடுவது என்பார்கள். தமிழில் முகாம் என்று எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் காம்ப் என்றால் என்ன? இராணுவம் இருக்கும் இடம். முகாம் என்றால் என்ன? அகதிகள் இருக்கும் இடம். மகிழ்ச்சிக்காக ஒருவன் தானே விரும்பிப் போய்த் தங்கும் இடத்துக்கு அந்தச் சொற்களில் இடமே இல்லாமற் போய்விட்டது. சொல்லும் வாளைமீனைப் போலத்தான். ஒருமுறை முள்ளை உரசிவிட்டால் அதன் இயல்பு மாறிவிடுகிறது.

இனி, தூண்டிலையும் கூடாரத்தையும் மேல்நாட்டார் இலக்கியமாக்கிய விதத்தைச் சிறிது பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஐசாக் வால்டன் என்பவர் 1653இல் தூண்டிற்காரனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மீன் பிடிக்கும் முறைகளைச் சொல்லும் நூல்தான். ஆயினும் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து ஓய்ந்திருந்த காலத்தில் வந்த நூல் என்பதை மறக்கலாகாது. நாடு இரண்டுபட்டுக் கிடந்தபோது, ஆற்றங்கரையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒரு மனிதர் எழுதினார். மக்கள் அதை நூற்றாண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வால்டனைப் படித்து வளர்ந்த ஆங்கிலேயரின் நாட்டிலிருந்து வந்த தோட்டத்துரைமார், 1880களில் ட்ரௌட் என்னும் குளிர்நீர் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து எங்கள் மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் விடுமுறைத் தூண்டிலுக்கென்றே வளர்க்கப்பட்ட மீன் அது. 1952இல் திலாப்பியா நம் குளங்களுக்கு வந்தது. அது நாட்டு மக்களின் உணவுக்காக வந்தது. ஒரே தீவில் ஒரு மீன் துரைமாரின் பொழுதுபோக்குக்கு, மற்றொரு மீன் குடியானவனின் சட்டிக்கு. தூண்டில் ஒன்றுதான். அதைப் பிடித்திருக்கும் கைக்கேற்ப அதன் பொருள் மாறுகிறது.

ட்ரௌட் மீன்பிடியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதைகளுள் என்னை மிகவும் பாதித்தது, அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1925இல் வெளியிட்ட கதை. அதன் தலைப்பை 'இரு இதயமுடைய பெரிய ஆறு' என்று தமிழாக்கலாம். நிக் என்ற இளைஞன் புகைவண்டியிலிருந்து இறங்குகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது. எரிந்த நிலத்தில் வாழ்ந்து வாழ்ந்து வெட்டுக்கிளிகள்கூடக் கறுத்துப்போயிருக்கின்றன. அவன் மூட்டையைச் சுமந்துகொண்டு தனியே நடக்கிறான். ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிறான். சமைக்கிறான். மறுநாள் வெட்டுக்கிளியை இரையாக்கி மீன் பிடிக்கிறான். சிறிய மீன் அகப்பட்டால், அதன் உடலின் வழவழப்புக் கெடாதபடி கையை நனைத்துக்கொண்டு தொட்டு, மெல்ல நீரில் விட்டுவிடுகிறான். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே பெரிய மீன்கள் உண்டு. ஆனால் அவனுக்கு அதற்குள் இறங்க மனம் வரவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணித் திரும்பிவிடுகிறான்.

கதை முழுவதிலும் போர் என்ற பேச்சே இல்லை. ஆனால் அவன் போரிலிருந்து திரும்பியவன். கூடாரத்தின் முளையை அடிப்பதிலும் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பதிலும் அவன் காட்டும் கவனத்தைப் பார்த்தால், மனத்தில் எதையோ அண்டவிடாமல் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது புரியும். அந்தச் சதுப்பு நிலந்தான் அவனுக்குப் பிரம்பின் நிழல். உருத்திரங்கண்ணனார் மீனிடத்தில் கண்டதை ஹெமிங்வே தூண்டில் பிடித்தவனிடத்தில் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த நினைவுகளையெல்லாம் சுமந்துகொண்டுதான் சென்ற புரட்டாதியில் நாங்களும் போனோம். படுவான்கரையில் என் மாமாவுக்கு ஆற்றையடுத்து வயல் உண்டு. அங்கே அவர் வாடி போட்டிருந்தார். நானும் மனைவியும் மகளும் மகனும் என் தாயாரும் போனோம். புறப்படும்போது மகன், "அப்பா, நாம காம்ப்புக்குப் போறமா?" என்று ஆவலோடு கேட்டான். ஏதோ கதைப்புத்தகத்தில் படித்திருப்பான். அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. "வாடிக்குப் போறம் எண்டு சொல்லு மனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாமா பிள்ளைகளுக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்தார். கம்பு, தங்கூசி, தக்கை, ஈயக்குண்டு, முள். இரைக்கு மண்புழுவும் இறால் துண்டும். தூண்டிலை எறிவதற்குமுன் இரண்டு கட்டளைகள் போட்டார். பொழுதுபட்டால் ஆற்றில் கால் வைக்கக்கூடாது, முதலை நடமாடும் என்பது ஒன்று. அங்கால் வலை கட்டியிருக்கும் பக்கம் தூண்டில் போடக்கூடாது, அது ஒரு மனிதனுடைய சோறு என்பது மற்றொன்று.

நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா இராத பிள்ளைகள் தக்கையைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தார்கள். கடைசியில் மகளின் தக்கை அமிழ்ந்தது. தூக்கினால் ஒரு கெளிறு. கெளிற்றின் செட்டை முள் குத்தினால் கடுக்கும் என்று சொல்லி மாமா தாமே அதைப் பிடித்துக் கழற்றினார். அப்போது அந்த மீன் கறகறவென்று ஒலி எழுப்பியது. மகனுக்குப் பெரும் வியப்பு. "இதுதானா பாடும் மீன்?" என்றான். மாமா சிரித்துவிட்டு, "ஓம் மனே, இவர்தான் நம்மட வித்துவான். சுருதிதான் கொஞ்சம் பிசகு" என்றார்.

சிரிப்பு இருக்கட்டும். பிள்ளை கேட்ட கேள்வி பெரிய கேள்வி. 'மீன்பாடும் தேனாடு' என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தப் பாட்டைக் கேட்டவர் எங்களில் எத்தனை பேர்? 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நீருக்கடியிலிருந்து இசை எழுகிறது என்று கேள்விப்பட்டு, நிலவு எழுந்தபின் மீனவரோடு தோணியில் கோட்டை வாசலடியிலிருந்து புறப்பட்டுப் போனார். காற்றசைவில்லாத இரவு. கேட்டது ஒரே தொடர்ந்த சுரமல்ல, சிறு சிறு ஒலிகள் பலவென்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருகிக் கேட்டதென்றும் எழுதிவைத்தார். மீனவர்கள் அது மீனின் ஒலியல்ல, ஊரியின் ஒலி என்று சொன்னதையும் பதிந்தார். ஊரி என்பது எங்கள் பக்கத்து ஓடுடைய சிறு நீருயிர்.

வெளிநாட்டு அதிகாரி ஒருவர் ஓர் இரவைச் செலவழித்துக் கேட்டார். எங்கள் மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் கேட்டார். 1947இல் அரங்கேறிய யாழ்நூலின் ஆசிரியருக்கு அந்த ஒலி வெறும் வியப்பாக நின்றுவிடவில்லை. நீரர மகளிர் பாடும் இசையாக அதைப் பாட்டில் வடித்து, ஏழு சுரங்களின் ஆராய்ச்சியோடு சேர்த்துவைத்தார். காரைதீவிலே கடலோரம் பிறந்து, கல்லடி உப்போடையிலே வாவியோரம் பள்ளி அமைத்த அவருக்கு நீரின் ஒலி பழகிய ஒலி. இரவில் நீரருகே இருப்பவருக்குத்தான் அது கேட்கும். கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவருக்கு மேடைப்பேச்சு மட்டுந்தான் கேட்கும்.

வாடியில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் இரவு, கெளிற்றுப் புளியாணமும் சோறும் உண்டுவிட்டுப் பாயில் கிடந்தோம். ஆற்றில் எங்கோ இயந்திரத் தோணியொன்றின் ஓசை கேட்டது. ஒரு ரோச் வெளிச்சம் கரையில் பட்டு விலகியது. அம்மா எழுந்தார். யாரும் சொல்லாமலே அரிக்கன் லாம்பின் திரியை இறக்கினார். அவர் அறிந்து செய்த காரியமாக அது தெரியவில்லை. கை தானாகவே செய்தது. மாமா, "அது நம்மட ஆக்கள்தான் அக்கா. இறாலுக்குப் போறாங்க" என்றார். அம்மா மெல்லத் திரியை உயர்த்தினார். மகள், "ஏன் அப்பம்மா லாம்பைக் குறைச்சீங்க?" என்று கேட்டாள். "மறுகாச் சொல்றன் புள்ள" என்றார் அம்மா.

மறுநாள் இரவு சொன்னார். 1990இல் ஓர் இரவு, இதே ஆற்றை இதே இடத்துக்குச் சற்று வடக்கே தோணியில் கடந்த கதை. விளக்கில்லை. பேச்சில்லை. எனக்குப் பத்து வயது. தங்கை கைக்குழந்தை. அழுதால் தோணியில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து என்பதால் அம்மா அவள் வாயைப் பொத்தியபடியே அக்கரை வரை வந்தாராம். அக்கரையில் இறங்கியபின் கையை எடுக்கப் பயமாயிருந்ததாம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பயம். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கடைசிப் பகுதியை நான் கேட்டதில்லை. அந்தத் தோணியில் நானும் இருந்தேன், நேயர்களே. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்தது. இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அம்மா இந்தக் கதையை வீட்டு மண்டபத்தில் இருந்து சொல்லவில்லை. ஆற்றங்கரையில், மீன் வாடை வீசும் கையோடு, பேரப்பிள்ளைகள் மடியில் கிடக்கச் சொன்னார். சொல்லி முடித்ததும் மகள் ஒன்றும் பேசவில்லை. அப்பம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஹெமிங்வேயின் இளைஞன் தனியே போனான். அவனுக்குப் பேச ஆளில்லை. ஆகவே சதுப்பு நிலத்தை இன்னொரு நாளைக்கென்று விட்டுவிட்டு வந்தான். எங்கள் வழக்கம் வேறு. நாங்கள் குடும்பமாகப் போகிறவர்கள். கிழவியும் குழந்தையும் ஒரே பாயில் கிடக்கும் வழக்கம் எங்களுடையது. அதனால்தான் சொல்லவேண்டியவர் சொல்லவும் கேட்கவேண்டியவர் கேட்கவும் ஓர் இரவு வாய்க்கிறது. வாடியின் பயன் மீன் மட்டும் அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறவன். நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லுங்கள் என்றால் எங்கள் மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். தெய்வம் வருணன், பூ நெய்தல், தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல். நல்ல புள்ளியும் வாங்குவார்கள். வகுப்பறையை விட்டு வெளியே வந்து, அத்தாங்கு எது, கரப்பு எது, வீச்சுவலை எது, மணலை எது, ஒட்டி எது, கொடுவா எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் கண்டியும் பேராதனைப் பூங்காவும் நுவரெலியாவும் வரும். வகுப்பறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிடக்கும் ஆறு ஒரு கட்டுரையிலும் வருவதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். அங்கே போகாதே, ஆற்றடிக்குப் போகாதே என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தான். எங்களையும் குறை சொல்லமுடியாது. எங்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் போனபின்னும் தடை நிற்கிறதே, அதைத்தான் கவனிக்கவேண்டும். பிரம்பு பிரம்பாக நிற்கிறது. நாங்கள் தூண்டில் என்று எண்ணிக்கொண்டு இருக்கிறோம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கிழக்கிலங்கையின் நீர்வாழ்வை எழுதியவர்கள் எங்களிடம் இல்லாமலில்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்ற சிறுகதையை அறியாத இலக்கிய நேயர் இருக்கமாட்டார். சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் மீனவனின் மனத்தை அவர் காட்டினார். பின்னர் வந்த எழுத்தில் ஆறு பெரும்பாலும் பயத்தின் இடமாகவும் பிரிவின் இடமாகவும் வந்தது. வரவேண்டியதுதான். அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடும். அவற்றோடு, திரும்பிவந்து தூண்டில் போட்டவனின் கதையும் எழுதப்படவேண்டும். பயத்தை மறைத்துவிட்டு எழுதினால் அது பொய்யாகும். லாம்பின் திரியை இறக்கிய கையும், பின்னர் அதை மெல்ல உயர்த்திய கையும் ஒரே கைதான் என்று எழுதினால் அது உண்மையாகும்.

கடைசியாக, இதைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். ஆறு எங்களுடைய விடுமுறைக்காக மட்டும் கிடக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்குக் கம்பு ஊன்றித் தோணியில் போகும் மனிதருடைய வாழ்வு அதில் இருக்கிறது. அவருடைய வலைக்கும் வழிக்கும் இடம் கொடுங்கள். கரையோரத்துக் கண்ணா மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். அதன் வேரிடுக்கில்தான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. சிறிய மீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து நீரிலேயே விட்டுவிடுங்கள். ஹெமிங்வேயின் இளைஞனிடம் கற்றுக்கொள்ளக்கூடிய நல்ல பழக்கம் அது. கொண்டுபோன பொலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையின் துண்டு கரையில் கிடந்தால் அதையும் எடுத்துவாருங்கள். ஆளில்லாத வலையும் மீனைக் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ள முதியவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் வராவிட்டால் அது வெறும் சுற்றுலாவாகிவிடும்.

நேயர்களே, பெரும்பாணாற்றுப்படையின் வாளைக்கு மீண்டும் வருகிறேன். நிழலுக்கு அஞ்சும் அந்த மீன் எங்கே இருக்கிறது என்பதைப் புலவர் அடுத்த அடியிலேயே சொல்லிவிடுகிறார். ஆழமான நெடிய குளம். அதில் தீப்பற்றியது போலத் தாமரை மலர்ந்து கிடக்கிறது. தெய்வத்துக்குரிய மலர் அது. வாளை அஞ்சியது உண்மை. ஆனால் அஞ்சிய மீன் குளத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை. போகவும் முடியாது. அதன் வாழ்வு அந்த நீரில்தான், அந்த மலர்களின் நடுவில்தான். நிழலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மீனுக்குத் தாமரை தெரியாது என்பதுதான் இதிலுள்ள இழப்பு.

வருகிற புரட்டாதியில் மழைக்கு முன்னர் ஓர் இரவேனும் உங்கள் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நீர்க்கரையில் தங்கிப் பாருங்கள். மீன் அகப்பட்டாலும் சரி, அகப்படாவிட்டாலும் சரி.